இந்தச் சீட்டாட்டம் வேண்டாம்!

சீட்டாட்டம் என்றதும் சம்பள நாளில் லயத்துக் கோடியில் விரித்த பாயும், அதைச் சுற்றிக் குந்தியிருக்கும் கூட்டமும் உங்கள் கண்முன் வந்தால் அது என் குற்றமன்று. நான் சொல்ல வந்தது வேறு ஆட்டம். வாசலில் நிற்கிறதே உங்கள் மோட்டார் சைக்கிள், அதன் சீட்டு ஆடுகிற ஆட்டம்! போய், சீட்டின் பின்பக்கத்தைப் பிடித்து இடமும் வலமுமாக ஒரு முறை அசைத்துப் பாருங்கள். ‘கடக், கடக்’ என்று சத்தம் வருகிறதா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

“சீட்டு ஆடினால் என்ன, எஞ்சின் நன்றாகத்தானே ஓடுகிறது?” என்று கேட்பவர்கள் நம்மில் ஏராளம். ஓட்டுகிறவருக்காவது கையில் ஹேண்டில் இருக்கிறது. பின்னால் உட்கார்ந்து வரும் மனைவிக்கோ பிள்ளைக்கோ சீட்டைத் தவிர வேறு கதியில்லை. வளைவில் வண்டி சாயும்போது சீட்டு ஒரு விரற்கடை நகர்ந்தால் போதும். உடம்பு தன்னையறியாமல் ஒரு பக்கம் இழுக்கும். உடம்பு இழுத்த பக்கம் கையும் இழுக்கும். கை இழுத்தால் ஹேண்டில் திரும்பும். நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிர் விடுகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள்தாம். அத்தனைக்கும் சீட்டு காரணமென்று நான் சொல்லவில்லை. ஆனால் நம் கையால் சரிசெய்யக்கூடிய காரணம் ஒன்றை ஏன் விட்டுவைக்க வேண்டும்?

பினாங்குக்காரர்களுக்கு மோட்டார் சைக்கிளைப் பற்றிச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். ஹோண்டா வண்டிகளை 1958இல் இந்த நாட்டுக்குக் கொண்டுவரத் தொடங்கிய லோ பூன் சியூ பினாங்குவாசி. 1915இல் சீனாவில் பிறந்து, பன்னிரண்டு வயதில் இங்கே வந்து, பஸ் கழுவியும் பட்டறையில் தொழில் கற்றும் முன்னுக்கு வந்தவர், 1995இல் காலமானார். அவர் இறக்கிய சின்னஞ்சிறு ‘கப்’ வண்டிக்கு மக்கள் வைத்த செல்லப் பெயர்தான் ‘காப்சாய்’. அந்தக் குடும்பத்து வண்டிகள் 2017இல் உலகம் முழுவதிலும் சேர்த்துப் பத்துக் கோடி என்ற எண்ணிக்கையைத் தொட்டன. ஈயச் சட்டியைப் போல எத்தனை அடி பட்டாலும் தாங்குகிற எஞ்சின் அதற்கு. ஆனால் சீட்டு அப்படியா?

பினாங்கின் வெயிலும் மழையும் உங்களுக்குத் தெரியும். ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை. மழை விட்டதும் சுள்ளென்று வெயில். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில் காலையில் நிறுத்திய வண்டியில் நண்பகலில் வந்து உட்கார்ந்து பாருங்கள்! சூட்டில் மேலுறை காய்ந்து விறைக்கிறது, தையல் வழியே வெடிக்கிறது. வெடித்த இடத்தில் மழைத்தண்ணீர் இறங்கி உள்ளேயிருக்கும் பஞ்சில் தேங்குகிறது. அந்த ஈரம் அடித்தகட்டை அரிக்கிறது. அடித்தகடு இளகியதும் ஆட்டம் தொடங்குகிறது. ஆகவே ஆடுகிற சீட்டும் கிழிந்த சீட்டும் பெரும்பாலும் ஒரே நோயின் இரண்டு கட்டங்கள்.

முதலில் ஆட்டத்தைப் பார்ப்போம். காப்சாய் வகை வண்டிகளில் சீட்டு முன்பக்கம் ஒரு கீலில் மாட்டப்பட்டிருக்கும். பின்பக்கத்தைத் தூக்கினால் பெட்டியின் மூடிபோல் திறக்கும். திறந்ததும் எதிரே தெரிவது பெட்ரோல் தொட்டியின் வாய். இதை மறக்கவே கூடாது! சீட்டில் எந்த வேலை செய்வதானாலும் முதலில் அதை வண்டியிலிருந்து கழற்றித் தனியே எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு சீட்டைத் தூக்கிப் பார்க்கும் ஆசாமிகளைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது.

முன்பக்கம் ஆடினால் கோளாறு கீலில். அங்கே இரண்டு நட்டுகள் அல்லது ஒரு நீண்ட முளை இருக்கும். நட்டு தளர்ந்திருந்தால் ஸ்பானர் போட்டு இறுக்கினால் சரியாகிவிடும். ஆனால் வண்டியின் அதிர்வில் அது மறுபடியும் தளரும். ஆகவே சுருள் வாஷர் ஒன்றைச் சேர்த்து இறுக்குங்கள். முளை தேய்ந்து மெலிந்திருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. புது முளைதான் போட வேண்டும். சிலர் முளைக்குப் பதில் கம்பியை வளைத்துக் கட்டிவிடுவார்கள். இரும்புக் கம்பி தினம் அசைந்து அசைந்து ஒரு நாள் அறுந்துபோகும். அந்த நாள் எது என்று அது நமக்குச் சொல்லிவிட்டு அறாது.

பின்பக்கம் ஆடினால் ரப்பரைப் பாருங்கள். சீட்டின் அடியில் குமிழ் குமிழாக ரப்பர்த் துண்டுகள் இருக்கும். சட்டத்தின்மீது சீட்டு மெத்தென்று உட்காருவதற்காகவே அவை. பழைய எழுபது சி.சி. வண்டியிலோ பூட்டே கிடையாது. கிண்ணம் போன்ற ஒரு ரப்பர் உறிஞ்சிப் பிடிப்பதால்தான் சீட்டு நிற்கும். ரப்பர் காற்றும் வெயிலும் பட்டு முதுமையடைந்து கல்லாகி வெடிக்கும் என்பதைத் தோட்டத்து மக்களுக்கு நான் சொல்லித் தர வேண்டுமா? ஒரு குமிழ் விழுந்திருந்தாலும் சீட்டு அந்த மூலையில் தாழும், மற்ற மூலை எழும்பும். புது ரப்பர் சில வெள்ளிதான். பழைய வண்டிக்குக் கிடைக்கவில்லையென்றால் ஜார்ஜ்டவுனில் லோரோங் கூலிட் சந்தையில் தேடிப் பார்க்கலாம். பழைய சாமான்களுக்குப் பேர்போன சந்தை அது. மலாயில் ‘கூலிட்’ என்றால் தோல்; சீட்டுக்குச் சாமான் தேடப் பொருத்தமான இடந்தான்! பூட்டு உள்ள வண்டியானால் பூட்டின் நாக்கையும், அது மாட்டும் கொக்கியையும் பாருங்கள். கொக்கி வளைந்திருந்தால் குறட்டால் மெல்ல நிமிர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

இனி மேலுறை. கட்டைவிரல் நீளத்துக்கு உட்பட்ட கிழிசலானால் உறையை மாற்ற வேண்டியதில்லை. அதே கனமுள்ள ரெக்சின் துண்டு ஒன்றைக் கிழிசலைவிட இரண்டு விரற்கடை பெரிதாக வெட்டி, கிழிசல் வழியாக உள்ளே நுழைத்து, அடிப்பக்கமாகப் பரப்பி, செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் பசையால் ஒட்டுங்கள். பசையை இரு பக்கமும் தடவி, பத்து நிமிடம் காயவிட்டு, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வந்ததும் அழுத்த வேண்டும். ஈரப்பசையோடு ஒட்டினால் நிற்காது. ஊசி நூல் எடுத்துக் கிழிசலைத் தைத்துவிடலாமென்று மட்டும் நினைக்காதீர்கள். தைத்த ஒவ்வொரு ஓட்டையும் தண்ணீர் குடிக்கும். தபால் தலையின் ஓரம்போல அந்த வரிசையிலேயே பிறகு கிழியும். கறுப்பு டேப் சுற்றுவதும் அப்படியே. வெயிலில் அதன் பசை உருகிச் சேலையிலும் சிலுவாரிலும் ஒட்டிக்கொண்டு வரும். வீட்டில் அதற்குத் தனியாகச் சண்டை.

பெரிய கிழிசலானால் உறையைக் கழற்றத்தான் வேண்டும். புதிய வண்டிகளில் பிளாஸ்டிக் அடித்தட்டில் பின் அடித்திருப்பார்கள்; பழைய வண்டிகளில் இரும்புத் தகட்டின் பற்கள் உறையைக் கவ்வியிருக்கும். பற்களைத் திருப்புளியால் நிதானமாக நிமிர்த்துங்கள். அவசரப்பட்டால் பல் முறியும். முறிந்த பல்லைக் கட்ட டாக்டர் இல்லை.

உறையை எடுத்ததும் பஞ்சை அழுத்திப் பாருங்கள். தண்ணீர் கசிகிறதா? பல நாள் மழையை அது சேமித்து வைத்திருக்கும்! பிழியாமல், துணியை வைத்து அழுத்தி நீரை எடுத்துவிட்டு, நிழலில் காற்றோட்டமாக இரண்டு மூன்று நாள் வையுங்கள். வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயுமே என்பீர்கள். இன்றைய சீட்டுகளில் இருப்பது இரசாயனப் பஞ்சு. வெயில் பட்டால் மஞ்சளித்துப் பொடிப்பொடியாக உதிரும். ரப்பர்ப் பாலை நுரைக்க வைத்து மெத்தையாக்கும் வித்தையை 1929 வாக்கில் இங்கிலாந்தில் டன்லப் கம்பெனியார் கண்டுபிடித்தபோது, நாம் காண்டாவில் சுமந்த பால்தான் உலகத்தார் உட்கார மெத்தையானது. பின்னர் இரசாயனப் பஞ்சு வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. சரி, அந்தப் பெருமூச்சு கிடக்கட்டும், வேலைக்கு வருவோம்.

பஞ்சு காயும் நாட்களில் அடித்தகட்டைக் கவனியுங்கள். துருவைக் கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் தேய்த்து, துரு தடுக்கும் செம்பெயிண்டை அடித்துக் காயவிடுங்கள். தகட்டின் நடுவில் ஓட்டையென்றால் பட்டறையில் கொடுத்து ஒட்டவைக்கலாம். ஆனால் கீல் மாட்டும் இடத்தில் விரிசலென்றால் நானாயிருந்தால் ஒட்டவைக்க மாட்டேன், புதுச் சீட்டுதான் வாங்குவேன். இருவர் பாரமும் அந்த இரண்டங்குல இடத்தில் வந்து விழுகிறது. இதில் மிச்சம் பிடிக்கும் காசு நல்ல காசன்று.

புது உறை கடையில் ஆயத்தமாகவே கிடைக்கிறது. வீட்டில் தையல் மெஷின் இருந்தால் நீங்களே தைக்கலாம். பழைய உறையின் தையலைப் பிரித்து, புது ரெக்சின்மேல் விரித்துக் கோடு போட்டு, தையலுக்கு அரை அங்குலம் விட்டு வெட்டுங்கள். பதினாறு அல்லது பதினெட்டாம் எண் ஊசி, பாலியெஸ்டர் நூல், நீளமான தையல். பருத்தி நூல் மழையில் மக்கிவிடும். தையலை நெருக்கமாகப் போட்டால் உறுதி என்று அம்மாமார்கள் நினைப்பார்கள். ரவிக்கைக்குச் சரி, ரெக்சினுக்கு நேர்மாறு!

மாட்டுவதற்கு முன் உறையை அரைமணி நேரம் வெயிலில் போடுங்கள். இளகிக் கொடுக்கும். பஞ்சின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றிவிட்டால் தையல் வழியே இறங்கும் தண்ணீர் பஞ்சை எட்டாது. பிறகு ஒருவர் சீட்டைக் குப்புறப் பிடிக்க, மற்றவர் இழுத்துப் பின் அடிக்க வேண்டும். தனியாளாகச் செய்யும் வேலையல்ல இது. முன் நடுவில் ஒரு பின், பின் நடுவில் ஒரு பின்; அப்புறம் இடது நடு, வலது நடு. இப்படி எதிரெதிராக நடுவிலிருந்து மூலைகளை நோக்கிப் போனால் சுருக்கம் விழாது. ஒரே பக்கத்தை அடித்துக்கொண்டே போனால் மறுபக்கம் கோணிப்பையாகிவிடும். மூலையில் துணியை வெட்டாமல் சின்னச் சின்ன மடிப்பாக மடியுங்கள். துருப்பிடிக்காத எஃகுப் பின் கிடைத்தால் அதையே வாங்குங்கள். அடித்தகட்டில் தண்ணீர் வடியும் துளைகள் இருக்கும். அவற்றை உறையால் மூடிவிடக் கூடாது.

மாட்டிப் பூட்டியபின் ஒருவரை ஏறி உட்காரச் சொல்லி மறுபடியும் அசைத்துப் பாருங்கள். பிறகு வீட்டுச் சந்திலேயே மெல்ல ஓட்டிப் பாருங்கள். முதல் ஓட்டத்தையே பினாங்குப் பாலத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். 2019லிருந்து அங்கே மோட்டார் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லைதான், ஆனால் 13.5 கிலோமீட்டர் நீளமும், பக்கவாட்டில் அடிக்கும் கடற்காற்றும் சோதனைக்கு ஏற்றவை அல்ல.

கோல்ப் திடலிலோ பூங்காவிலோ உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி யந்திரத்தில் வேலை பார்க்கும் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தச் சீட்டும் இப்படித்தான் கீலில் தளரும், உறை வெடிக்கும். மேலே சொன்ன வைத்தியமே அதற்கும். ஒரே ஒரு வித்தியாசம், அதுதான் முக்கியம். அந்தச் சீட்டின் அடியில் ஒரு சிறிய சுவிட்சும் வயரும் இருக்கும். வெட்டும் தகடு சுழலும்போது ஓட்டுகிறவர் எழுந்தாலோ விழுந்தாலோ எஞ்சினை நிறுத்துவது அதன் வேலை. சீட்டு ஆடினால் பள்ளத்தில் குலுங்கும்போதெல்லாம் எஞ்சின் அணைந்து எரிச்சலூட்டும். உடனே “வயர் இரண்டையும் முறுக்கிச் சேர்த்துவிடு” என்று யோசனை சொல்ல ஆள் வந்துவிடுவார்! கேட்காதீர்கள். அந்தத் தகட்டின் நுனி மணிக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வேகத்தில் சுழலக்கூடியது. சரிவில் யந்திரம் கவிழ்ந்தால் அதை நிறுத்த அந்தச் சுவிட்சைத் தவிர வேறு யாருமில்லை. சாவியை எடுத்துவிட்டு, எஞ்சின் ஆறியபின் சீட்டைச் சரிசெய்து, வயரைப் பழையபடியே மாட்டுங்கள். பிறகு யாரும் அருகில் இல்லாத சமதரையில் யந்திரத்தை நிறுத்தி, தகட்டை ஓடவிட்டு, இறங்காமல் சீட்டிலிருந்து சற்றே எழும்பிப் பாருங்கள். எஞ்சின் அணைய வேண்டும். அணையவில்லையென்றால் சாவியைத் திருப்பி நிறுத்திவிட்டு இறங்கி, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். புல் இன்னும் ஒரு நாள் வளர்ந்தால் வளரட்டும்.