புயல் பாயை எப்போது ஏற்றிப் பார்ப்பது?

ஆரக்கிள் டேட்டாபேஸோடு பல வருஷம் குப்பை கொட்டியவன் நான். அதனால் லாரி எலிசன் என்ற பெயர் எங்கே கண்ணில் பட்டாலும் நின்று படிப்பேன். அப்படிப் படிக்கப் போய்த்தான் 1998-ம் ஆண்டு சிட்னி–ஹோபார்ட் பாய்மரப் படகுப் பந்தயத்தில் மாட்டிக்கொண்டேன். அந்த வருஷம் ஹோபார்ட்டை முதலில் தொட்ட படகு எலிசனுடைய 'சயோனாரா'. ஜெயித்துக் கரை ஏறிய மனிதர், இனி இந்தப் பந்தயமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஜெயித்தவரே இப்படிச் சொல்கிறார் என்றால் நடுக்கடலில் என்னதான் நடந்தது?

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 26 அன்று சிட்னியில் கிளம்பி டாஸ்மேனியாவின் ஹோபார்ட் வரை 628 கடல் மைல், அதாவது சுமார் 1,160 கிலோமீட்டர் ஓடும் பந்தயம் இது. 1945-ல் தொடங்கியது. 1998-ல் 115 படகுகள் கிளம்பின. பாஸ் ஜலசந்தியில் புயல் பிடித்துக்கொண்டது. ஹோபார்ட் போய்ச் சேர்ந்தவை 44. ஐந்து படகுகள் மூழ்கின, ஆறு பேர் இறந்தார்கள், 55 பேரைக் கடலிலிருந்து மீட்டார்கள். படகின் அளவுக்கேற்ப நேரத்தைச் சரிக்கட்டிப் பார்த்தபோது ஒட்டுமொத்த வெற்றி 'ஏ.எஃப்.ஆர். மிட்நைட் ராம்ப்ளர்' என்ற 35 அடிப் படகுக்கு. ராட்சதப் படகுகளே திரும்பிப் போன கடலை அந்தச் சின்னப் படகு கடந்திருக்கிறது.

நான் பாய்மரப் படகில் ஏறியதே இல்லை. ஆனால் விதிப்புத்தகம் கிடைத்தால் விடமாட்டேன். உலக பாய்மரப் படகோட்ட அமைப்பான வேர்ல்ட் செயிலிங் வெளியிடும் கடற்பந்தயப் பாதுகாப்பு விதிகளில், பாய்கள் பற்றிய பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். படித்ததில் புரிந்தது இதுதான்: ஒரு பந்தயப் படகின் பாய்களைத் தயார் செய்வதில் கஷ்டமான வேலை, வேகமாக ஓட்டும் பெரிய பாய்களில் இல்லை. கடைசி வரை பையிலேயே கிடக்கட்டும் என்று எல்லோரும் வேண்டிக்கொள்ளும் இரண்டு சின்னப் பாய்களில் இருக்கிறது.

முதலில் ஒரு கணக்கு

காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. 20 நாட் காற்று (மணிக்கு 37 கி.மீ.) ஒரு சதுர மீட்டர் மீது தோராயமாக 6.5 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். 60 நாட்டில் (மணிக்கு 111 கி.மீ.) அது 58 கிலோ. பாயின் வடிவமும் கோணமும் இதைக் கூட்டும், குறைக்கும். ஆனாலும் கணக்கின் போக்கு மாறாது.

சுமார் 40 அடி நீளப் படகு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மரத்துக்குப் பின்னால் மெயின்செயில், முன்னால் ஜிப் என்கிற முன்பாய். இரண்டும் சேர்ந்து 80 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 20 நாட் காற்றில் மொத்த அழுத்தம் சுமார் 520 கிலோ. இப்போது எல்லாவற்றையும் இறக்கிவிட்டு 11 சதுர மீட்டர் புயல் ஜிப்பை மட்டும் ஏற்றுங்கள். 60 நாட் காற்றில் அதன் மேல் சுமார் 640 கிலோ!

அதாவது, கைக்குட்டை மாதிரி இருக்கும் அந்தப் பாய், நல்ல நாளில் படகின் மொத்தப் பாய்களும் சேர்ந்து தாங்குவதைவிட அதிகம் தாங்க வேண்டும். சின்னப் பாய்தானே என்று அலட்சியமாக இருக்க முடியாது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

அப்படியானால் எல்லாப் பாயையும் இறக்கிவிட்டுச் சும்மா இருக்கலாமே என்று தோணும். எனக்கும் தோணுச்சு. பாய் இல்லாத படகுக்குப் போதிய ஓட்டம் இருக்காது. ஓட்டம் இல்லாவிட்டால் சுக்கான் பேச்சைக் கேட்காது. படகு மெல்ல அலைக்குப் பக்கவாட்டில் திரும்பிவிடும். உடைந்து விழும் பெரிய அலை ஒன்று பக்கவாட்டில் அறைந்தால் படகு அப்படியே உருண்டுவிடலாம். அலையைப் பார்த்துப் பார்த்து வளைந்து போக ஓட்டம் வேண்டும், ஓட்டத்துக்குக் கொஞ்சமாவது பாய் வேண்டும்.

பட்டறையில் நடப்பது

பந்தயத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே எல்லாப் பாய்களும் பாய் தைக்கும் பட்டறைக்குப் போய்விடும். அங்கே பெரிய தரையில் விரித்துப் போட்டு அங்குலம் அங்குலமாகப் பார்ப்பார்கள். துணியைவிட முதலில் தோற்பது பெரும்பாலும் தையல் நூல்தான். வெயிலில் நூல் இற்றுப்போகும். கண்ணுக்கு நன்றாகத் தெரியும், நகத்தால் நெம்பினால் பொடியாக வரும். மரத்திலிருந்து இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் குறுக்குக் கம்புகளில் பாய் உரசும் இடங்கள், பாயை விறைப்பாக வைக்கும் பட்டைகளின் முனைகள், மூன்று மூலைகளிலும் உள்ள வளையங்கள், பாயின் பின்விளிம்பு எல்லாவற்றையும் பார்த்து, தேயும் இடங்களில் ஒட்டுத்துணி வைப்பார்கள்.

மெயின்செயிலில் ரீஃப் வளையங்களும் முக்கியம். காற்று கூடும்போது பாயின் அடிப்பகுதியை இழுத்து மடித்துக் கட்டுவதுதான் ரீஃப். வேட்டியை மடித்துக் கட்டுகிற மாதிரி. மடித்தவுடன் அதுவரை கீழ் மூலை தாங்கிய பாரம் முழுவதும் இந்த வளையங்களுக்கு வந்துவிடும்.

காற்று பின்னாலிருந்து வரும்போது விரிக்கும் ஸ்பின்னேக்கர், பலூன் போன்ற பிரம்மாண்ட நைலான் பாய். பாதி ஏறும்போதே விரிந்துவிட்டால் ஆட்களைத் தூக்கி எறிந்துவிடும். அதனால் அதைக் கயிறு மாதிரி நீளமாகச் சுருட்டி, இடைவெளி விட்டுக் கம்பளி நூலால் கட்டி வைப்பார்கள். முழுதாக ஏறிய பிறகு கயிற்றை ஓர் இழுப்பு இழுத்தால் கம்பளி நூல்கள் படபடவென்று அறுந்து பாய் விரியும். கார்பன் ஃபைபர் படகில் ஸ்வெட்டர் பின்னும் நூல்! எனக்கு மிகவும் பிடித்த விவரம் இது.

எந்தத் துணி?

ஒரு காலத்தில் பருத்தியும் ஃபிளாக்ஸ் நாரும். 1950-களில் பாலியஸ்டர் வந்தது. டேக்ரான் என்ற பெயரில் இன்றும் ஓடுகிறது. பிறகு பிளாஸ்டிக் படலம், கெவ்லார், கார்பன். இந்த ஓட்டத்துக்கெல்லாம் காரணம் ஒன்றுதான்: துணி இழுபடக் கூடாது. காற்று கூடக்கூடப் பாய் தட்டையாக வேண்டும். ஆனால் இழுபடும் துணியில் அதன் வயிறு இன்னும் உப்பி, பின்னால் நகர்ந்துவிடும். அப்போது காற்று படகை முன்னே தள்ளுவதற்குப் பதில் சாய்க்கத்தான் செய்யும்.

கார்பன் அவ்வளவாக இழுபடாது. அப்படியானால் புயல் பாய்க்குத்தான் முதலில் கார்பன் போட வேண்டும் இல்லையா? விதி நேரெதிராகச் சொல்கிறது. புயல் பாய்களில் கார்பனும் கெவ்லார் வகை இழைகளும் கூடாது. காரணம் இருக்கிறது. புயல் பாய் ஈரத்தோடு பையில் திணிக்கப்படும், கசங்கும், ஏற்றும்போது நிமிஷக்கணக்கில் சாட்டை மாதிரி அடித்துக்கொள்ளும். இழுத்தால் அசராத இந்த இழைகள் திரும்பத் திரும்ப மடங்கினால் உடையும். தடியான சாதாரண பாலியஸ்டர் அடியை வாங்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் வேகம் யாருக்கு வேண்டும்?

நிறத்துக்கும் விதி உண்டு. 2014 முதல் தைக்கப்படும் புயல் பாய்கள் ஆரஞ்சு, மஞ்சள், இளஞ்சிவப்பு போன்ற பளிச்சென்ற நிறத்தில் இருக்க வேண்டும். நுரைத்த கடலில் வெள்ளைப் பாயை ஹெலிகாப்டரிலிருந்து தேடுவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த இரண்டு பாய்கள்

ஒன்று, புயல் ஜிப். அதன் பரப்பு முன்முக்கோணத்தின் உயரத்தை (தளத்திலிருந்து முன்கம்பி மரத்தைத் தொடும் இடம் வரை) வர்க்கப்படுத்தி, அதில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 15 மீட்டர் உயரம் என்றால் 225-ல் 5 சதவீதம், 11.25 சதுர மீட்டர். நான் மேலே எடுத்துக்கொண்ட 11 இங்கிருந்து வந்ததுதான். குறைந்தது இவ்வளவு இருக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை, இதற்கு மேல் போகாதே என்கிறது. பந்தயக்காரன் புத்தி கொஞ்சம் பெரிய பாய்க்கே போகும் என்று விதி எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னொரு விஷயம். இன்றைய படகுகளில் முன்பாயின் விளிம்பு ஒரு பள்ளத்துக்குள் நுழைந்து வழுக்கி ஏறும். புயலில் அது பிய்த்துக்கொண்டு வந்துவிடலாம். அதனால் புயல் ஜிப்பைக் கம்பியோடு கட்டுவதற்கு வேறொரு வழியும் இருக்க வேண்டும் என்கிறது விதி.

இரண்டாவது, டிரைசெயில். மெயின்செயிலுக்குப் பதிலாக ஏற்றும் சின்ன முக்கோணம். மெயின்செயிலின் உயரத்தை அடி நீளத்தால் பெருக்கினால் வருவதில் 17.5 சதவீதம்தான் உச்சவரம்பு. மெயின்செயிலின் அடியில் பூம் என்ற நீண்ட கம்பம் இருக்கும். அந்தக் கம்பம் இல்லாமலே டிரைசெயிலை இழுத்துக் கட்ட முடிய வேண்டும். புயலில் பூம் முறியலாம், ஆளையும் அடிக்கலாம். அதைத் தளத்தோடு கட்டிப் போட்டுவிட்டுப் பாய் தனியாக வேலை செய்ய வேண்டும்.

பையில் இருந்தால் போதுமா?

இங்கே என் கதை ஒன்று. பல வருஷங்களுக்கு முன் வேலை பார்த்த ஓரிடத்தில் இரவுதோறும் பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. தினமும் காலையில் பச்சை டிக். ஒரு வெள்ளிக்கிழமை டிஸ்க் போனது. திரும்ப ஏற்றலாம் என்று பார்த்தால் கடைசி 11 நாள் கோப்புகள் எல்லாம் பூஜ்ஜியம் பைட். ஏதோ ஒரு ஃபோல்டர் பெயர் மாறியிருக்கிறது, ஸ்கிரிப்ட் அதைக் கவனிக்காமல் 'வெற்றி' என்று எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. ஸ்கிரிப்ட் எழுதியது வேறு யாருமில்லை, நான்தான். பேக்கப் எடுத்தோமே தவிர ஒருநாளும் திரும்ப ஏற்றிப் பார்க்கவில்லை.

புயல் பாயும் இதே ஜாதி. வாங்கிய நாள் போட்ட மடிப்பு கலையாமல் பையிலேயே கிடக்கும். முதன்முதலாக வெளியே வரும் நேரம் எது? இரவு, 50 நாட் காற்று, பாதிப் பேருக்கு வாந்தி, தளத்தின் மேல் தண்ணீர். அந்த நேரத்தில்தான் கயிறு நீளம் பத்தவில்லை, கொக்கி வளையத்தில் நுழையவில்லை, எது மேல் மூலை எது கீழ் மூலை என்று தெரியவில்லை என்பதெல்லாம் தெரியவரும்.

அதனால் அனுபவசாலிகள் துறைமுகத்தில் கட்டியிருக்கும்போதே முழுதாக ஏற்றிப் பார்க்கிறார்கள். மூன்று மூலைகளிலும் மார்க்கரால் கொட்டை எழுத்தில் பெயர் எழுதுகிறார்கள். இழுகயிறு எந்த இடத்தில் கட்டப்பட வேண்டும் என்று அடையாளம் போடுகிறார்கள். பாதுகாப்புப் பட்டியை மாட்டிக்கொண்டு இருட்டில் ஒருமுறை செய்து பார்க்கிறார்கள். பெரிய ரகசியம் எதுவும் இல்லை, செய்து பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

இதைக் கட்டாயமே ஆக்கிவிட்ட பந்தயமும் உண்டு: இங்கிலாந்திலிருந்து கிளம்பி, அயர்லாந்துக்குத் தெற்கே உள்ள பாறையைச் சுற்றி வரும் ஃபாஸ்ட்நெட். 1979 ஆகஸ்டில் அங்கே கிளம்பிய 303 படகுகளில் நூறு கூடப் பந்தயத்தை முடிக்கவில்லை. போட்டியாளர்களில் 15 பேர் இறந்தார்கள். இன்று அந்தப் பந்தயத்தில், கௌஸ் துறையில் கிளம்பும் முன் ஒவ்வொரு படகும் புயல் பாய்களை ஏற்றிக்கொண்டு ஒரு சோதனை வாயிலைக் கடந்து காட்ட வேண்டும். நல்ல வெயில் நாளிலும் இதே விதிதான். ராட்சதப் படகுகள் துளியூண்டு ஆரஞ்சு முக்கோணங்களோடு ஊர்ந்து போகும் படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன, தேடிப் பாருங்கள். பார்க்கக் கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கும்.

நான் இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எந்தப் பிரச்சினையும் இல்லாத ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில், பேக்கப்பை ஒரு காலி சர்வரில் ஏற்றிப் பார்க்கிறேன். டீமில் புதிதாகச் சேர்ந்த பையன் போன தடவை கேட்டான்: "எல்லாம் நல்லாத்தானே ஓடுது சார், இது எதுக்கு?" அவனுக்கு அந்த ஆரஞ்சுப் பாய் படங்களைத்தான் காட்டினேன்.