272 படிகளும் நாற்பது வயதும்

தைப்பூசத்தன்று பத்துமலைக்குச் சென்று வருவதை ஆண்டுக் கடமையாகக் கொண்ட தோட்டக் குடும்பங்கள் பல. 1892-ஆம் ஆண்டு தொட்டு அங்கே பூசவிழா நடைபெற்று வருகின்றது. 1920-ஆம் ஆண்டில் குகைக்கு மரப்படிகள் அமைக்கப்பட்டன. பின்னர் அவை காங்கிரீட் படிகளாயின. இன்று அப்படிகள் 272 என்பதைச் சிறுவரும் அறிவர்.

அப்படிகளின் நடுவே சற்று நின்று கவனித்தால் ஓர் உண்மை நமக்குப் புலப்படும். இளைஞர்கள் துள்ளி ஏறுகின்றனர். முதியோர் சிலர் நிதானமாக, ஆனால் நிற்காமலே ஏறிவிடுகின்றனர். நாற்பதையும் ஐம்பதையும் ஒட்டிய நம்மவர் பலரோ பாதி வழியிலேயே கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, மூச்சு வாங்க நிற்கின்றனர். “வயதாகிவிட்டது, என்ன செய்வது?” என்று தமக்குத் தாமே ஆறுதலும் கூறிக்கொள்கின்றனர். வயது மட்டுந்தான் காரணமா? ஆயின், அவர்களினும் மூத்தவர் எவ்வாறு ஏறிச் சென்றனர்? இக்கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

உழைப்பவர்க்கு உடற்பயிற்சி எதற்கு?

“விடியுமுன் எழுந்து, நிரை நிரையாக நடந்து, நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டி, பால் சுமந்து வரும் எங்களுக்கு இன்னுமா உடற்பயிற்சி?” என்று தோட்டத் தொழிலாளர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. பால்மரம் வெட்டுவது நல்ல உடலுழைப்பு என்பதில் ஐயமில்லை. எனினும் நடுவயதில் நிகழும் மாற்றம் ஒன்றை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

நாற்பதைக் கடந்தவர்களுள் ஒருவர் மண்டோர் ஆகிறார். ஒருவர் லாரி ஓட்டுகிறார். ஒருவர் பாதுகாவலராய் நாற்காலியில் அமர்கிறார். கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் பல வீடமைப்புத் திட்டங்களாக மாறிவிட்டமையால், அடுக்குமாடி வீடுகளில் குடியேறியவரும் பலர். இன்றும் மரம் வெட்டுவோர்கூட நிரைக்கு மோட்டார் சைக்கிளில் செல்கின்றனர். வேலை முடிந்தபின் எஞ்சிய பொழுதைத் தொலைக்காட்சியின் முன்னும் கைப்பேசியிலும் கழிக்கின்றனர். கால்கள் செய்த வேலையைச் சக்கரங்கள் ஏற்றுக்கொண்டன. ஆயினும் தட்டில் விழும் சோறு மட்டும் பழைய அளவிலேயே இருக்கின்றது.

இதன் விளைவு யாது? நாம் உண்ணும் சோறு சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கின்றது. அச்சர்க்கரையை வாங்கிச் செலவிடும் பெரிய இடம் நம் தசைகளே. நடுவயதில் தசை சிறிது சிறிதாகக் குறைகின்றது. அதற்கு வேலை கொடாவிடின் இன்னும் விரைவாகக் குறைகின்றது. ஸ்டோருக்குப் பால் வந்து சேர்ந்துகொண்டே இருக்க, எடுத்துச் செல்லும் லாரி வராவிடின் தொட்டி நிரம்பி வழியும் அன்றோ? நம் உடலிலும் அவ்வாறே நிகழ்கின்றது. வழிவது நீரிழிவு, தேங்குவது இடுப்புக் கொழுப்பு.

நம் சுகாதார அமைச்சு 2019-ஆம் ஆண்டில் நடத்திய தேசிய ஆய்வில், வயது வந்தோரில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு காணப்பட்டது. இந்தியரிடையே இவ்விகிதம் 31.4 ஆகும். அதாவது, ஏறத்தாழ மூவரில் ஒருவர். 2023-ஆம் ஆண்டு ஆய்வில் நாடு முழுமைக்குமான விகிதம் 15.6 ஆக இருந்தது. நோயுடையோருள் பலர் தமக்கு அந்நோய் இருப்பதையே அறியாதிருந்தனர் என்பது அதனினும் கவலைக்குரியது.

இலண்டன் பேருந்தும் சென்னை ஆய்வும்

படி ஏறுவது நெஞ்சுக்கு நல்லது என்பது வெறும் நம்பிக்கையன்று. இலண்டன் மாநகரில் ஈரடுக்குப் பேருந்துகள் ஓடிய காலத்தில், ஜெர்ரி மோரிஸ் என்னும் மருத்துவர் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். இரு சாராரும் ஒரே பேருந்தில் பணிபுரிந்தவர்கள். ஆனால் ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருப்பார். நடத்துநரோ சீட்டுக் கொடுப்பதற்காக மாடிப்படியில் நாள்தோறும் நூற்றுக்கணக்கான முறை கால் வைப்பார். நடத்துநரிடையே மாரடைப்பு குறைவு என்றும், வந்தாலும் காலந்தாழ்ந்தே வந்தது என்றும் 1953-இல் அவர் வெளியிட்டார்.

நமக்கு நெருங்கிய சான்றும் உண்டு. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006-இல் வெளிவந்தது. நீரிழிவின் வாயிற்படியில் நின்ற 531 பேர் அதில் பங்கு பெற்றனர். அவர்களின் சராசரி வயது ஏறத்தாழ 46. மூன்றாண்டுகளில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுக்கு ஆளாயினர். உணவைத் திருத்தி, நாள்தோறும் அரைமணி நேரம் நடக்குமாறு தொடர்ந்து ஊக்குவிக்கப்பட்டோரில் அத்தொகை 39 ஆகக் குறைந்தது. நடுவயதில் தொடங்கினாலும் பயன் உண்டு என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

விரதம் கற்பிக்கும் பாடம்

“பழகிய பழக்கத்தை இந்த வயதில் எப்படி விடுவது?” என்பர் சிலர். இதற்கு விடை பத்துமலையிலேயே இருக்கின்றது. காவடி எடுப்போர் பூசத்திற்குப் பல வாரங்களுக்கு முன்பே விரதம் தொடங்குகின்றனர். சிலர் ஒரு மண்டலம், அதாவது 48 நாள்கள் இருப்பர். அந்நாள்களில் புலால் இல்லை, மது இல்லை, சிகரெட் இல்லை. வேளைக்கு உறக்கம், விடியலில் குளியல், அளவான உணவு. இவையனைத்தையும் மருத்துவர் எவரும் வற்புறுத்தவில்லை. நாமே உறுதி பூண்டு, நாமே நிறைவேற்றுகிறோம். நோன்பு நோற்கும் இஸ்லாமியச் சகோதரர்களும், தவக்காலம் காக்கும் கிறிஸ்துவச் சகோதரர்களும் இத்தகைய உறுதியை ஆண்டுதோறும் காட்டுகின்றனர்.

ஆகவே, பழக்கத்தை மாற்றும் ஆற்றல் நம்மிடம் இல்லை என்பது பொருந்தாது. குறை எங்கே உள்ளதெனில், காவடி இறக்கிய மறுநாளே சிகரெட்டும் மதுவும் வீடு திரும்பிவிடுகின்றன. 48 நாள் முடிந்ததை 365 நாளும் முடியாது என்று விட்டுவிடுகிறோம். விரதம் முழுவதையும் ஆண்டு முழுதும் காக்க வேண்டுமென்று நாம் கூறவில்லை. அதில் ஒன்றிரண்டையேனும் தக்கவைத்துக் கொள்ளலாமே! புகைப்பவர் முதற்கண் தக்கவைக்க வேண்டியது புகையின்மையே.

தட்டிலும் குவளையிலும்

நம் சுகாதார அமைச்சு கூறும் ‘கால், கால், அரை’ என்னும் முறை எளியது. தட்டில் கால் பங்கு சோறு. கால் பங்கு மீன், கோழி, முட்டை அல்லது பருப்பு. எஞ்சிய அரைப்பங்கு காய்கறியும் பழமும். லயத்துப் பின்புறத்தில் முருங்கையும் வெண்டையும் பயிரிடுவோர்க்கு இது செலவில்லாத மருந்து.

அடுத்து, தேநீர். ஒரு மேசைக்கரண்டி டின் பாலில் ஏறத்தாழ 10 கிராம் சர்க்கரை உண்டு. குவளைக்கு இரண்டு கரண்டி வீதம் நாளைக்கு மூன்று குவளை அருந்தினால், தேநீரில் மட்டுமே 60 கிராம் ஆகின்றது. நாள் முழுவதற்கும் 50 கிராமுக்குள் அடக்குவது நன்று. 25 கிராம் எனின் மிக நன்று. ஒரே நாளில் நிறுத்தினால் நாக்கு எதிர்க்கும். வாரம் அரைக்கரண்டியாகக் குறைத்தால் நாக்கு அறியாது. உப்பும் நாளைக்கு ஒரு தேக்கரண்டியைத் தாண்டலாகாது. கருவாட்டையும் ஊறுகாயையும் இக்கணக்கில் சேர்த்தே பார்க்க வேண்டும்.

படிப்படியாக

முதல் இரண்டு வாரங்கள் மாலையில் பத்து நிமிடம் மட்டும் நடங்கள். பின்னர் வாரந்தோறும் ஐந்து நிமிடம் கூட்டி, அரைமணி நேரத்தை எட்டுங்கள். வாரத்தில் ஐந்து நாள் அரைமணி வீதம் நடந்தால், உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் 150 நிமிடம் நிறைவாகிவிடும். பேச முடியும், பாட முடியாது என்னும் வேகமே உரிய வேகம். வாரத்தில் இருமுறை, நாற்காலியில் அமர்ந்து எழுவதைப் பத்துத் தடவையும், சுவரில் கைகளை ஊன்றித் தள்ளுவதைப் பத்துத் தடவையும் செய்தால் தசை வலுப்படும். கணவனும் மனைவியும் சேர்ந்தே நடக்கலாம். அதனால் விடாமுயற்சியும் கூடும்.

இரண்டு மாதங்கள் சென்றபின், கூட்டமில்லாத ஒரு காலைப் பொழுதில் பத்துமலைக்குச் செல்லுங்கள். அடிவாரத்திலேயே கொமுட்டர் இரயில் நிலையம் உள்ளது. எத்தனையாவது படியில் முதன்முதலாக நின்றீர்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சில வாரங்கள் கழித்து மீண்டும் ஏறுங்கள். அவ்வெண் உயர்ந்திருப்பின், உங்கள் நெஞ்சும் காலும் முன்னேறியுள்ளன என்று பொருள். போட்டி வேண்டா; இறங்கும்போது கைப்பிடியைப் பற்றுவது முழங்காலுக்கு நல்லது.

கவனிக்க வேண்டியவை

தொடங்குமுன் அரசாங்கக் கிளினிக்கில் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைச் சோதித்துக்கொள்ளுங்கள். இந்நாட்டுக் குடிமக்களுக்கு அங்கே கட்டணம் 1 வெள்ளியே. வீட்டில் ஒரு நூலால் இடுப்பையும் அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை.

நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர், மருத்துவரைக் கேளாமல் உணவை விலக்கி விரதமிருத்தல் ஆகாது. சர்க்கரை திடீரெனக் குறைந்து மயக்கம் நேரலாம். அத்தகையோர் பாதங்களை இரவுதோறும் பார்த்தல் வேண்டும். காலில் உணர்ச்சி குன்றியவருக்குப் பட்ட காயம் தெரியாது. நடக்கும்போதோ ஏறும்போதோ நெஞ்சில் அழுத்தம், இடக்கையிலோ தாடையிலோ வலி, குளிர்ந்த வியர்வை தோன்றினால் உடனே நின்றுவிடுங்கள். 999 என்னும் எண்ணை அழையுங்கள். “சற்று ஓய்ந்தால் சரியாகிவிடும்” என்று காத்திருந்து உயிரிழந்தோர் பலர்.

ஒரு குடும்பத்தலைவர் ஐம்பது வயதில் படுக்கையில் வீழ்ந்தால், அக்குடும்பத்தின் வருவாய் குறைவதோடு பிள்ளைகளின் படிப்பும் தடைப்படுகின்றது. ஆகவே நம் உடலைப் பேணுவது நமக்காக மட்டுமன்று. வரும் பூசத்திலும் படிகள் 272 ஆகவே இருக்கும். அவற்றை மூச்சுத் திணறாமல் ஏறி, பேரப்பிள்ளையின் கையைப் பற்றி நிதானமாக இறங்க விரும்புவோர், இன்று மாலை பத்து நிமிட நடையைத் தொடங்குவோமாக.