தட்டு கழுவப் போகாமல் ஆய்வகத்துக்குப் போன மாணவர்கள்!

பால்டிமோர்: கொரோனா தடுப்பூசி ஆராய்ச்சியில் முன்னணியில் நின்ற கறுப்பினப் பெண் விஞ்ஞானி கிஸ்மேகியா கார்பெட். காலேஜில் படிக்கும்போதே இவரை ஆய்வகத்துக்குள் கொண்டுபோனதில் மேயர்ஹாஃப் உதவித்தொகை திட்டத்துக்கு பெரிய பங்கு உண்டு.

அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழக பால்டிமோர் கவுண்டி வளாகத்தில் 1988-ல் உருவான திட்டம் இது. அறிவியலில் சேரும் கறுப்பின மாணவர்கள் பாதியிலேயே வேறு பாடத்துக்கு ஓடிக்கொண்டிருந்த நேரம். 1989-ல் வந்த முதல் அணியில் 19 பேர்.

அப்படி என்னதான் செய்கிறார்கள்? காலேஜ் திறக்கும் முன்பே வரவழைத்து கணக்கு, அறிவியல் சொல்லித் தருகிறார்கள். தனியா உட்கார்ந்து படிச்சா போதாது, கூட்டமாகப் படிக்கணும். அடுத்து, கோடை விடுமுறையில் ஆய்வகம். அதுவும் சம்பளத்தோடு! காசு இல்லேன்னா ஏழை வீட்டுப் பிள்ளை ஓட்டலில் தட்டு கழுவத்தானே போகும்?

இன்னொரு லாபமும் உண்டு. அமெரிக்காவில் அறிவியல் பிஎச்.டி.க்கு பெரும்பாலும் பீஸ் கட்ட வேண்டாம், மாதாமாதம் உதவித்தொகையும் வரும். வீட்டில் படித்தவர் யாரும் இல்லாத பிள்ளைக்கு இதெல்லாம் ஆய்வகத்து சீனியர்கள் சொன்னால்தான் தெரியும். சிபாரிசுக் கடிதம் தர பேராசிரியரும் அங்கேதான் கிடைப்பார்.

கார்பெட் 2008-ல் பட்டம் வாங்கினார். 2014-ல் வடக்கு கரோலினாவில் பிஎச்.டி. முடித்தார். ஆய்வு, இலங்கைக் குழந்தைகளின் டெங்கு எதிர்ப்பு சக்தி பற்றியது. பிறகு சேர்ந்தது, மாணவியாக கோடையில் வேலை பார்த்த அதே தேசிய சுகாதார நிறுவனத்தில்!

1996 முதல் திட்டத்தில் எல்லா இனத்தவரும் சேரலாம்.