மலிவான ரிவால்வர் தேடுகிறவர்களுக்கு

புதுக்கோட்டை மாவட்டத்து அரிமளம் பக்கம் பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, பெரிய கட்டுவீட்டில் வயதான தம்பதி மட்டும் தனித்திருப்பது சாதாரணம். எங்காவது நகைக் கொள்ளை என்று பேப்பரில் வந்துவிட்டால் போதும், ‘கைக்கு அடக்கமாக, இடுப்பில் வெளியே தெரியாமல் வைத்துக்கொள்ள ஒரு ரிவால்வர் வாங்கிவிடலாமா’ என்ற பேச்சு எழும். வாங்கலாம். ஆனால் விலையை விசாரிப்பதற்கு முன்னால் விசாரிக்க வேண்டியவை வேறு.

முதலாவது உரிமம். நம் நாட்டில் துப்பாக்கி வைத்திருப்பது யாருக்கும் அடிப்படை உரிமை அல்ல. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி அரசு தரும் அனுமதி, அவ்வளவுதான். 21 வயது நிரம்பியவர் புதுக்கோட்டை மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். காவல்துறை விசாரித்து அறிக்கை தரும். உயிருக்கு உண்மையிலேயே அச்சுறுத்தல் இருக்கிறதா என்பதுதான் அங்கே முக்கியமான கேள்வி. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்ற பதில் எடுபடாது. மிரட்டல் வந்திருந்தால் அப்போதே கொடுத்த புகாரின் ரசீதும் முதல் தகவல் அறிக்கையும்தான் கைகொடுக்கும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பொதுநலன் கருதி மறைக்கும் சில நேரம் தவிர, தந்தாக வேண்டும். 18-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு உண்டு. அதற்கும் மேலே உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் 5 ஆண்டு செல்லும். ஒருவர் 2 துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது.

சந்தையில் தேர்ந்தெடுக்கவும் அதிகம் இல்லை. பாயிண்ட் 38, 9 எம்.எம். போன்றவை தடைசெய்யப்பட்ட ரகம். அதனால் பொதுமக்களுக்குப் பெரும்பாலும் பாயிண்ட் 32-ம் பாயிண்ட் 22-ம்தான். 2014-இல் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை கொண்டுவந்த ‘நிர்பீக்’ டைட்டானியக் கலவையில் செய்தது, எடை 500 கிராம். அறிமுக விலையே 1,22,360 ரூபாய்! பெண்களின் பாதுகாப்புக்கு என்று விளம்பரப்படுத்தினார்கள். எத்தனை பெண்களால் அந்த விலை கொடுக்க முடியும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. பிறகு இஷாப்பூரிலிருந்து வந்த ‘நிடர்’ பாயிண்ட் 22, வெறும் 250 கிராம், வந்தபோது சுமார் 35 ஆயிரம். சட்டப்படி கிடைக்கும் மலிவான, லேசான ரிவால்வர் என்றால் இந்த வகைதான். எடை குறையக் குறையச் சுடும்போது கை உதறும், குறி தவறும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

இதைவிட மிக மலிவாக யாராவது காட்டினால் அது பெரும்பாலும் கள்ளத் துப்பாக்கி. உரிமமில்லாமல் வைத்திருந்தாலே 2 முதல் 5 ஆண்டு சிறை. சுட்டிருக்க வேண்டும் என்பதில்லை. வாட்ஸ்அப்பில் படம் போட்டு முன்பணம் கேட்பவர்கள் இன்னொரு கூட்டம். பணம் போய்விட்டால் உடனே இணையக் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

உரிமம் கிடைத்த பிறகும் கட்டுப்பாடு தீராது. வெளியே கொண்டுபோனால் உறைக்குள் மூடி இருக்க வேண்டும். எடுத்து ஆட்டிக் காட்டக் கூடாது. கல்யாணத்திலோ திருவிழாவிலோ வானத்தைப் பார்த்துச் சுட்டு யாருக்காவது ஆபத்து விளைவித்தால் 2 ஆண்டு சிறையோ 1 லட்சம் அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். தேர்தல் அறிவித்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள்.

தோட்டா எங்கே போய் நிற்கும் என்பதை இந்த மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். 2021 டிசம்பர் 30 அன்று நார்த்தாமலை அருகே துப்பாக்கி சுடும் பயிற்சி நடந்தபோது, தூரத்தில் தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. சில நாட்களில் தஞ்சாவூர் மருத்துவமனையில் அவன் இறந்துபோனான். அது ரிவால்வர் அல்ல, உண்மைதான். ஆனால் பயிற்சி பெற்றவர்கள், அதற்கென்றே ஒதுக்கிய தளத்தில் சுட்டது. அரைத் தூக்கத்தில், இருட்டில், நடுங்கும் கையோடு நாம் சுடுவது எங்கே போகும்?

தற்காப்பு உரிமை பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகளில் இருக்கிறது. அதற்குத் துப்பாக்கி தேவையில்லை. இரவில் வீடு உடைத்து நுழைபவனை எதிர்க்கச் சட்டம் கூடுதல் இடம் தருகிறது. ஆனால் வெறுங்கையோடு தப்பி ஓடுகிறவனை முதுகில் சுட்டால் வழக்கு உங்கள்மேல்தான். என்னைக் கேட்டால், தனியாக இருக்கும் முதியவர்களுக்கு ஒரு லட்சத்தில் ரிவால்வரைவிட நல்ல பூட்டும் கேமராவும் 112-க்கு ஒரு அழைப்பும் மேல். நகை வங்கி லாக்கரில் இருந்தால் பாதி பயம் போய்விடும்.

கடைசியாக ஒன்று. தாத்தா வைத்திருந்த பழைய துப்பாக்கி பெட்டகத்தில் கிடக்கிறதா? அவரோடு அவருடைய உரிமமும் முடிந்தது. ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி தாமதமில்லாமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். வாரிசு தன் பெயரில் உரிமம் வாங்கித் திரும்பப் பெறலாம்; வேண்டாமென்றால் உரிமம் உள்ளவருக்கு விற்கலாம். போலீஸ் வந்து எடுத்தால் அது குற்ற வழக்கு. நீங்களே இந்த வாரம் நிலையத்துக்குப் போய் ஒப்படைத்து, ரசீதை மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.