கோவை தந்த டென்னிஸ் வீராங்கனை

கோவை என்றவுடன் பஞ்சாலைகளும், பம்பு செட்டுகளும், சிறுவாணித் தண்ணீரும் நம் நினைவுக்கு வருகின்றன. டென்னிஸ் நினைவுக்கு வருவதில்லை. ஆயினும் உலக டென்னிஸ் அரங்கில் இந்தியப் பெண்களுக்கு நெடுநாள் அடைபட்டிருந்த ஒரு கதவைத் திறந்தவர் நம் கோவையில் பிறந்தவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர்தாம் நிருபமா வைத்தியநாதன்.

நிருபமா 1976-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் பிறந்தார். தந்தையார் கிரிக்கெட் ஆடியவர். மகளுக்கு டென்னிஸ் கற்றுக்கொடுத்த ஆசானும் அவரே. மிகச் சிறு வயதிலேயே மட்டையைப் பிடித்த நிருபமா, பள்ளிப் பருவத்திலேயே பெரியவர்களோடு மோதித் தேசியப் பட்டத்தை வென்றார்.

டென்னிஸில் ‘மூன்பால்’ என்று ஓர் அடி உண்டு. நிலவைத் தொடுவது போலப் பந்தை மிக உயரமாகத் தூக்கி அடிப்பது அது. பந்து எல்லைக் கோட்டருகே விழுந்து எழும்பும். எதிராளி பின்னுக்குப் போக வேண்டியிருக்கும். பொறுமை இழந்தால் தவறு செய்வார். பார்ப்பவர்களுக்கு இந்த ஆட்டம் சலிப்பூட்டலாம். ஆனால் வலிமை மிக்கவரைப் பொறுமையால் வெல்லும் வழி அது. 2013-இல் தம் வாழ்க்கைக் கதையை நூலாக எழுதிய நிருபமா, அதற்கு ‘தி மூன்பாலர்’ என்றே பெயர் சூட்டினார்.

தொழில்முறை ஆட்டக்காரரின் வாழ்க்கை எப்படிப்பட்டது? அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. வென்றால் பரிசுப் பணம். தோற்றால் அடுத்த ஊருக்குப் பயணம். விமானக் கட்டணம், தங்கும் செலவு, பயிற்சியாளர் ஊதியம் எல்லாவற்றையும் பெரும்பாலும் அவரே தேடிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வெற்றிக்கும் புள்ளிகள் உண்டு. அவற்றைக் கூட்டியே உலகத் தரவரிசை அமைகிறது. ஆனால் ஓராண்டு கழிந்தால் பழைய புள்ளிகள் கணக்கிலிருந்து நீங்கிவிடும். எனவே நேற்று ஏறிய படியில் நிற்பதற்கே இன்றும் உழைத்தாக வேண்டும்.

ஆஸ்திரேலியா, பிரான்சு, விம்பிள்டன், அமெரிக்கா ஆகிய நான்கும் ‘கிராண்ட் ஸ்லாம்’ எனப்படும் பெரும் போட்டிகள். ஒற்றையர் பிரிவின் முதன்மைச் சுற்றில் 128 பேருக்கே இடம். தரவரிசையில் ஏறத்தாழ முதல் நூறு பேர் நேரே நுழைவர். மற்றவர்களில் சிலருக்குச் சிறப்பு அனுமதி கிடைக்கும். ஏனையோர் தகுதிச் சுற்றுகளில் போராடியே உள்ளே வர வேண்டும். நிருபமா எட்டிய மிக உயர்ந்த தரவரிசை 134. அந்த எண்ணுக்கு வாயில் தானாகத் திறப்பதில்லை.

1998 ஜனவரியில் மெல்போர்ன் நகரில் நடைபெற்ற ஆஸ்திரேலியப் போட்டியின் முதல் சுற்றில், இத்தாலியின் குளோரியா பிட்சிகினியை நிருபமா வென்றார். தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் பெரும் போட்டிகளில் இடம் தரப்பட்டது 1968-இல்தான். அதற்குப் பிந்திய காலத்தில், கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் முதன்மைச் சுற்றில் வெற்றி கண்ட முதல் இந்தியப் பெண் என்னும் பெருமை அன்று அவருக்குக் கிட்டியது. அதற்கு முந்திய காலத்தில் லீலா ராவ் 1934-இல் விம்பிள்டனில் ஒரு சுற்று வென்றிருந்தார்.

“ஒரே ஒரு சுற்றுதானே! கோப்பையா வாங்கினார்?” என்று சிலர் கேட்கலாம். தோழியரே, சற்று எண்ணிப் பாருங்கள். லீலா ராவின் வெற்றிக்கும் நிருபமாவின் வெற்றிக்கும் இடையே 64 ஆண்டுகள்! அந்த நீண்ட காலத்தில் ஆட ஆசைப்பட்ட பெண்கள் இல்லாமலா போயினர்? “பெண்பிள்ளைக்கு எதற்கு இந்த ஓட்டம்?” என்ற கேள்விக்கு முன்னால் எத்தனை மட்டைகள் பரணுக்குப் போயிருக்கும்! முதலில் ஒருத்தி செய்து காட்டினால்தான், மற்றவர்களுக்கு அது முடியக்கூடிய செயலாகத் தோன்றும். ஏழே ஆண்டுகளில், 2005-இல், அதே மெல்போர்னில் சானியா மிர்சா மூன்றாம் சுற்றுவரை சென்றார்.

1998 இறுதியில் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மகேஷ் பூபதியுடன் கலப்பு இரட்டையரில் வெள்ளிப் பதக்கம் பெற்றார் நிருபமா. 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் மனிஷா மல்ஹோத்ராவுடன் இரட்டையர் ஆடினார். பின்னர் மணமாகி நிருபமா சஞ்சீவ் ஆனார், அமெரிக்காவில் குடியேறினார், தாயானார். கதை அத்துடன் முடிந்தது என்றுதானே நினைப்போம்? இல்லை. 2010-இல் தில்லி காமன்வெல்த் போட்டியில் மீண்டும் இந்தியாவுக்காகக் களமிறங்கினார். அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று.

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள் நம் பாட்டிமார். நாம் எல்லோரும் டென்னிஸ் வீராங்கனைகள் ஆகப் போவதில்லை. ஆனால் நம் ஒவ்வொருவர் முன்னும் ஏதோ ஒரு வாயில் மூடிக் கிடக்கத்தான் செய்கிறது. முதல் சுற்றில் வெல்வது சிறு செயலன்று என்பதை நம் ஊர்ப் பெண் ஒருவர் காட்டிவிட்டார். நாளை மாலை விளையாட்டு மணி அடிக்கும்போது, மர நிழலில் உட்கார்ந்து பேசுவதை விட்டு மைதானத்தில் இறங்குவோமா?