சென்னையில் சிறு வாடகை அடுக்குமாடி வீடுகளை வாங்குதலும் நிர்வகித்தலும்

சிறு வாடகை அடுக்குமாடி வீடு என்பது, உரிமையாளர் தாம் குடியிராமல் மாத வருமானத்துக்காகப் பிறருக்கு வாடகைக்கு விடும், ஒன்று அல்லது இரண்டு படுக்கையறை கொண்ட வீடாகும். சென்னையில் ஒரு கிரவுண்டு, இரண்டு கிரவுண்டு மனைகளில் எழுந்த, லிஃப்ட் இல்லாத பழைய கட்டடங்களில் இத்தகைய வீடுகள் நிறைய உள்ளன. ஓய்வுபெற்றோரும் மாதச் சம்பளக்காரர்களும் தம் சேமிப்பின் பெரும்பகுதியை இவற்றில் போடுகின்றனர். வாடகைக்கு வருவோர் அதே வீட்டை நம்பிப் பிள்ளைகளைப் பக்கத்துப் பள்ளியில் சேர்க்கின்றனர். ஆகவே கணக்கிலோ ஆவணத்திலோ நேரும் பிழை இரண்டு குடும்பங்களைப் பாதிக்கிறது.

வருமானக் கணக்கு

வாடகையை 12 ஆல் பெருக்கி, வீட்டின் விலையோடு ஒப்பிடுவது வழக்கம். இக்கணக்கு உண்மை வருமானத்தைக் கூட்டிக் காட்டும். எடுத்துக்காட்டாக, 50 லட்சம் ரூபாய்க்கு விற்கப்படும் பழைய வீடு ஒன்றுக்கு மாதம் 16,000 ரூபாய் வாடகை கிடைப்பதாகக் கொள்வோம். ஆண்டு வாடகை 1,92,000 ரூபாய். அதாவது விலையில் 3.84 விழுக்காடு.

ஆனால் மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு எனக் கொண்டால் மேலும் 4.5 லட்சம் ஆகும். தொடக்கப் பழுதுபார்ப்புக்கு 1.5 லட்சம் சேர்த்தால் மொத்த முதலீடு 56 லட்சம். வருமானப் பக்கத்தில், ஆண்டுக்கு ஒரு மாதம் வீடு காலியாக இருந்தால் 16,000, அம்மாதப் பராமரிப்புக் கட்டணம் 2,000, சொத்து வரி 5,000, பழுதுக்கான ஒதுக்கீடு 15,000, தரகுக்காக ஆண்டுச் சராசரி 8,000 என 46,000 ரூபாய் கழியும். மிஞ்சுவது 1,46,000 ரூபாய். முதலீட்டில் ஏறத்தாழ 2.6 விழுக்காடு.

கடன் வாங்கினால் நிலை இன்னும் நெருக்கடியாகும். 35 லட்சம் ரூபாயை 9 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுகளுக்குப் பெற்றால் மாதத் தவணை ஏறக்குறைய 31,500 ரூபாய். வாடகை தவறாமல் வந்தாலும் மாதந்தோறும் 15,500 ரூபாயை உரிமையாளர் தம் சம்பளத்திலிருந்து போட வேண்டும். "வாடகையே தவணையைக் கட்டிவிடும்" என்ற நம்பிக்கையில் வாங்குவோர் தடுமாறுவது இங்கேதான்.

நிலப் பங்கு

அடுக்குமாடி வீட்டை வாங்குபவருக்கு மனையில் பிரிபடாத பாகம் ஒன்று சேர்ந்து வருகிறது. கட்டடம் ஆண்டுதோறும் மதிப்புக் குறையும். மதிப்பு ஏறக்கூடியது நிலமே. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. அதில் ஆறு வீடுகள் சமமாகப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 400 சதுர அடி கிடைக்கும். ஒரே விலையுள்ள இரு வீடுகளில் இப்பங்கு எதில் அதிகம் என்பதைக் கிரயப் பத்திரத்தில் பார்க்க வேண்டும். கட்டடத்தை இடித்து மீண்டும் கட்டும்போது உரிமையாளரின் பங்கைப் பெரும்பாலும் இதுவே தீர்மானிக்கிறது. 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் இசைந்தால் மறுகட்டுமானம் செய்ய வழி தருகிறது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

தாய்ப் பத்திரம் முதல் இன்றைய உரிமையாளர் வரை ஆவணத் தொடர்ச்சி அறுபடாமல் இருக்க வேண்டும். வில்லங்கச் சான்று பதிவான பரிவர்த்தனைகளை மட்டுமே காட்டும்; பதிவு செய்யாத உடன்படிக்கை அதில் தெரியாது. எனவே அசல் பத்திரங்களை நேரில் பார்ப்பதும் வழக்கறிஞரின் கருத்தைப் பெறுவதும் அவசியம். அனுமதி பெற்ற வரைபடத்தில் இல்லாத மாடி எழுப்பப்பட்டுள்ளதா என்றும் ஒப்பிட வேண்டும்.

கட்டடத்தில் மொட்டைமாடிக் கசிவு, குளியலறைச் சுவரின் ஈரம், கூரையில் காரை உதிர்ந்து துருப்பிடித்த கம்பி ஆகியவை முதலில் கவனிக்கத்தக்கவை. கடற்கரையோரப் பகுதிகளில் உப்புக்காற்றால் கம்பி விரைவில் அரிக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரி, முடிச்சூர் போன்ற இடங்களில் தரைத்தளங்கள் மூழ்கின. 2019 கோடையில் நகரின் பல பகுதிகள் லாரித் தண்ணீரை நம்பியிருந்தன. வெள்ளத்தையும் கோடைத் தண்ணீரையும் பற்றி அங்கே பல ஆண்டுகள் குடியிருப்பவரிடம் விசாரிப்பது நல்லது.

வாடகை ஒப்பந்தம்

1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2017இல் இயற்றப்பட்ட வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ளது. இதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிவு செய்வதைத் தவிர்க்கப் பலர் 11 மாத ஒப்பந்தம் எழுதுவர். அவ்வாறு எழுதினாலும் இச்சட்டத்தின்கீழ் பதிவு தேவை.

வாடகையை உயர்த்துவது ஒப்பந்தத்தில் கூறியபடி அமைய வேண்டும். தகராறு ஏற்பட்டாலும் உரிமையாளர் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது. வாடகைப் பாக்கி, அனுமதியின்றி உள்வாடகைக்கு விடுதல் முதலிய சட்டக் காரணங்களைக் காட்டி, உரிய மன்றத்தின் ஆணை பெற்றே வெளியேற்ற முடியும்.

அட்வான்ஸும் போக்கியமும்

சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகப் பெறும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் பெறக் கூடாது என்பது 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. அட்வான்ஸ் திருப்பித் தர வேண்டிய பணம். அதைத் தவணைக்கோ வீட்டுச் செலவுக்கோ கரைத்துவிட்ட உரிமையாளர், குடியிருப்பவர் திடீரெனக் காலி செய்யும்போது கடன் தேட நேரும்.

பேச்சு வழக்கில் 'லீஸ்' எனப்படும் போக்கியத்தில் மாத வாடகை இல்லை. சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துக் குடியேறுவர். வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானமாக இருந்து, தவணை தவறி ஏலத்துக்குப் போனால் அப்பணம் திரும்பக் கிடைப்பது கடினமாகும். போக்கியத்துக்கு வருவோரும் வில்லங்கச் சான்று பார்க்க வேண்டியது இதனால்தான்.

அன்றாட நிர்வாகம்

குடியேறும் நாளில் சுவர், குழாய், மின்விசிறி, கதவுகளின் நிலையைப் படம் எடுத்து, மின் மீட்டர் அளவையும் குறித்து இருவரும் கையெழுத்திடுவது பின்னாளைய சண்டையைக் குறைக்கும். கட்டடத்தின் பெரும் பழுது உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர் மாற்றுவது போன்ற சிறு பழுதுகள் பொதுவாகக் குடியிருப்பவரைச் சேரும். எது யாருடையது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். வாடகைக்கு ரசீது கொடுப்பது கடமை; வங்கி வழியே பெற்றால் இருவருக்கும் சான்று மிஞ்சும்.

வருமான வரிக்கு, பெற்ற வாடகையிலிருந்து உரிமையாளர் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 விழுக்காட்டைப் பராமரிப்புக்கான நிலைக்கழிவாக விலக்கலாம். உண்மைச் செலவு இதைவிடக் கூடினாலும் கூடுதல் கழிவு கிடையாது.

வீட்டைக் காலி செய்தல்

குடியிருப்பவர் வெளியேறிய ஒரு மாதத்துக்குள், நிலுவைகளை மட்டும் கழித்து அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது சென்னையில் பரவலான வழக்கம். ஒப்பந்தத்தில் அது எழுதப்படாதிருந்தால் தகராறு வரும். எழுதப்பட்டிருந்தால் குடியேறும்போதே அதைக் கணக்கில் வைத்துக்கொள்ள முடியும்.