பெயரை மறைத்தார்கள், பெருமை சரிந்தது!

பாரிஸ் நகரில் ஒரு பெரிய ஓட்டல். அங்கே நீண்ட மேஜை ஒன்று. மேஜையின் பின்னால் 9 பேர் உட்கார்ந்து இருந்தார்கள். எல்லோரும் பிரான்சு நாட்டின் பெரும் புள்ளிகள். "ஒயின்" என்னும் திராட்சை மதுவை ருசி பார்த்துத் தரம் சொல்வதில் சூரர்கள்.

அவர்கள் முன்னால் கண்ணாடிக் கோப்பைகள். அவற்றில் ஒயின். ஆனால், அது எந்த ஊர் ஒயின்? யார் செய்தது? விலை என்ன? ஒன்றும் அவர்களுக்குத் தெரியாது!

இது நடந்தது, 1976-ம் ஆண்டு மே மாதம் 24-ந் தேதி. அன்று அவர்கள் கொடுத்த தீர்ப்பு, ஒயின் உலகத்தையே ஆட்டி வைத்தது. அந்தத் தீர்ப்பைச் சொன்ன அவர்களே திடுக்கிட்டுப் போனார்கள்!

பெயரைக் கேட்டு மயங்குகிறோமா? பொருளைப் பார்த்து மதிக்கிறோமா? இந்தக் கேள்விக்கு அந்த ஓட்டலில் பதில் கிடைத்தது.

கொடிகட்டிப் பறந்த பிரான்சு

பிரான்சில் போர்தோ என்று ஒரு வட்டாரம் இருக்கிறது. சிவப்பு ஒயினுக்குப் பெயர் போன இடம். 1855-ம் ஆண்டில் பாரிசில் ஒரு பெரிய பொருட்காட்சி நடந்தது. அதற்காக, போர்தோ ஒயின்களைத் தரம் பிரித்து ஒரு பட்டியல் போட்டார்கள். முதல் தரம், இரண்டாம் தரம் என்று 5 தரங்கள்.

அந்தப் பட்டியல் கல்லில் வெட்டிய எழுத்துப் போல ஆகிவிட்டது. "மூத்தோன் ரோத்ஷீல்டு" என்ற தோட்டம் அதில் இரண்டாம் தரத்தில் இருந்தது. அது முதல் தரத்துக்கு ஏற எத்தனை ஆண்டுகள் ஆயின தெரியுமா? 118 ஆண்டுகள்! 1973-ல்தான் அந்தப் பெருமை கிடைத்தது.

இப்படிப்பட்ட ஒயினுக்கு உலகில் ஈடு இல்லை என்று எல்லோரும் நம்பினார்கள்.

அமெரிக்காவின் நிலை வேறு. அங்கே 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தது. ஒயின் செய்தவர்களில் பலர் தொழிலை விட்டே போய்விட்டார்கள். மதுவிலக்கு நீங்கிய பிறகும், தொழில் தலைதூக்க நீண்ட காலம் பிடித்தது. கலிபோர்னியா மாநிலத்தில் நாபா என்ற பள்ளத்தாக்கில், சிலர் மட்டும் விடாப்பிடியாக முயன்று கொண்டு இருந்தார்கள்.

வாத்தியார் வேலையை விட்டவர்

அவர்களில் ஒருவர், வாரன் வினியார்ஸ்கி. இவர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தவர். 1964-ல் அந்த வேலையை உதறிவிட்டு, மனைவி மக்களோடு நாபாவுக்கு வந்தார். முதலில் இன்னொருவரிடம் கூலி ஆளாக இருந்து தொழில் கற்றார்.

1970-ல் சொந்தமாக ஒரு தோட்டம் வாங்கினார். அது பிளம் பழத் தோட்டமாக இருந்த இடம். அங்கே திராட்சைக் கொடிகளை நட்டார். 1973-ல் அவர் பறித்த திராட்சை, 3 வயதுக் கொடிகளில் காய்த்தது. அதில் செய்த சிவப்பு ஒயினுக்கு, "ஸ்டாக்ஸ் லீப்" என்று பெயர்.

100 ஆண்டுப் பெருமை எங்கே? 3 வயதுக் கொடி எங்கே? இரண்டும் ஒரே மேஜைக்கு வரும் என்று யார் நினைத்தார்கள்?

போட்டி எப்படி வந்தது?

பாரிசில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற இங்கிலாந்துக்காரர் ஒயின் கடை வைத்திருந்தார். ஒயினைப் பற்றிச் சொல்லிக் கொடுக்க ஒரு பள்ளிக்கூடமும் நடத்தி வந்தார். அவருக்கு உதவியாக இருந்தவர், பட்ரீஷியா கல்லகர் என்ற அமெரிக்கப் பெண்.

1976, அமெரிக்கா சுதந்திரம் அடைந்த 200-வது ஆண்டு. அதை ஒட்டி, அமெரிக்க ஒயினைப் பிரெஞ்சுக்காரர்களுக்கு அறிமுகம் செய்யலாம் என்று இருவரும் நினைத்தார்கள். ஸ்பரியர் கலிபோர்னியாவுக்கே போய் ஒயின்களைத் தேர்ந்து எடுத்தார். பிரான்சுக்குச் சுற்றுலா வந்த அமெரிக்கர்கள், அந்தப் புட்டிகளைத் தங்கள் சாமான்களோடு கொண்டு வந்து சேர்த்தார்கள்.

நடுவர்களாக 9 பிரெஞ்சுக்காரர்களை அழைத்தார். பெரிய ஓட்டல் முதலாளி, புகழ் பெற்ற தோட்டத்தின் பங்காளி, ஒயின் தரத்தைக் கவனிக்கும் அரசாங்க அதிகாரி, ஒயின் பத்திரிகையின் ஆசிரியை ஒடெட் கான் அம்மையார் என்று எல்லோரும் பெரிய கைகள்.

"அமெரிக்க ஒயின் என்று தெரிந்தால் இவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். பிரெஞ்சு ஒயின்களையும் நடுவில் கலந்து வைப்போம். பெயரை மறைத்து விடுவோம்" என்று ஸ்பரியர் முடிவு செய்தார். நடுவர்களும் சம்மதித்தார்கள்.

புட்டியின் உருவத்தைப் பார்த்தே சிலர் ஊரைக் கண்டுபிடித்து விடுவார்கள் அல்லவா? அதனால், ஒயினைப் பெயர் இல்லாத வேறு புட்டிகளில் மாற்றி ஊற்றினார்கள்.

குடிப்பது அல்ல, துப்புவது!

ருசி பார்ப்பவர்கள் ஒயினைக் குடித்துத் தீர்ப்பது இல்லை. மதுவினால் உடலுக்குக் கேடு, மூளையும் மந்தமாகிவிடும். மந்தமான மூளை எப்படித் தீர்ப்புச் சொல்லும்? ஆகவே, ஒரு வாய் எடுத்து, நாக்கில் புரட்டி, பக்கத்தில் உள்ள பாத்திரத்தில் துப்பி விடுவார்கள்.

முதலில் நிறத்தைப் பார்ப்பார்கள். பிறகு கோப்பையைச் சுழற்றி முகர்வார்கள். அப்புறம்தான் வாயில் ஊற்றிக்கொள்வார்கள். சிவப்பு ஒயினைத் திராட்சைத் தோலோடு சேர்த்துப் புளிக்க வைக்கிறார்கள். சிவப்பு நிறம் தோலில் இருந்துதான் வருகிறது. பாக்கு மென்றால் நாக்கு துவர்க்கிறதே, அதைப் போன்ற துவர்ப்பும் தோலில் இருந்தும் கொட்டையில் இருந்தும் வருகிறது. அந்தத் துவர்ப்பு நாக்கில் ஒட்டிக்கொள்ளும். அது போவதற்கு, இடையிடையே ரொட்டித் துண்டு தின்பார்கள்.

நிறம், மணம், ருசி, இவை மூன்றும் ஒன்றோடு ஒன்று பொருந்தும் நயம் ஆகிய நான்கையும் பார்த்து, ஒவ்வொரு ஒயினுக்கும் 20-க்கு இத்தனை மார்க்கு என்று எழுத வேண்டும்.

தடுமாறிய சூரர்கள்

முதலில் வெள்ளை ஒயின். 6 அமெரிக்காவுடையவை, 4 பிரான்சுடையவை. ருசி பார்க்கும்போதே வேடிக்கை தொடங்கி விட்டது. ஒரு நடுவர், கலிபோர்னியா ஒயினை ருசித்துவிட்டு, "ஆகா, பிரான்சுக்கே திரும்பி விட்டோம்!" என்ற பொருளில் சொன்னார். இன்னொருவர், உயர்ந்த பிரெஞ்சு ஒயினை முகர்ந்து பார்த்து, "இது கலிபோர்னியாதான். இதில் மணமே இல்லை" என்று ஒதுக்கினார்!

இதை எல்லாம் ஒருவர் குறித்துக்கொண்டே இருந்தார். அவர் ஜார்ஜ் டேபர். அமெரிக்காவின் "டைம்" பத்திரிகை நிருபர். வேறு எந்தப் பத்திரிகையும் ஆள் அனுப்பவில்லை. இவர் கையில் மட்டும் ஒயின்களின் வரிசைப் பட்டியல் இருந்தது.

வெள்ளை ஒயினில், "ஷாத்தோ மாண்டெலீனா" என்ற கலிபோர்னியா ஒயினுக்கு முதல் இடம். ஸ்பரியர் அந்த முடிவை அப்போதே அறிவித்து விட்டார். நடுவர்களுக்கு அதிர்ச்சி! சிவப்பு ஒயினிலாவது மானத்தைக் காப்பாற்ற வேண்டாமா?

அடுத்து, சிவப்பு ஒயின் வந்தது. இதிலும் 6 அமெரிக்கா, 4 பிரான்சு. மூத்தோன் ரோத்ஷீல்டும் அவற்றில் ஒன்று. நடுவர்கள் மிகவும் உஷாராக இருந்தார்கள். அமெரிக்க ஒயின் எது என்று கண்டுபிடித்து, மார்க்கைக் குறைக்கப் பார்த்தவர்களும் உண்டு என்று டேபர் பிற்பாடு எழுதினார்.

மார்க்குகளைக் கூட்டினார்கள். முதல் இடம், ஸ்டாக்ஸ் லீப்! வாத்தியார் வேலையை விட்டு வந்தவருடைய, 3 வயதுக் கொடியின் ஒயின்! இரண்டாம் இடம்தான் மூத்தோன் ரோத்ஷீல்டுக்கு.

வித்தியாசம் மிகவும் குறைவு. மொத்தம் 180 மார்க்கில் ஒன்றரை மார்க்கு! அதோடு, 2, 3, 4-ம் இடங்கள் பிரான்சுக்கே கிடைத்தன. கடைசி 4 இடங்களும் கலிபோர்னியாவுக்குத்தான். ஆனாலும் என்ன? முதல் இடம் முதல் இடம்தானே!

ஒடெட் கான் அம்மையார், தான் மார்க்கு எழுதிய தாளைத் திருப்பிக் கேட்டார். ஸ்பரியர் கொடுக்க மறுத்து விட்டார்.

மாறிய வாழ்வு

"டைம்" பத்திரிகையில் சில பத்திகள்தான் வந்தன. அதுவே போதுமானதாக இருந்தது. அமெரிக்கக் கடைகளில் மக்கள் அந்த ஒயினைத் தேடி வந்தார்கள். போட்டியின்போது, ஸ்டாக்ஸ் லீப் ஒரு புட்டியின் விலை சுமார் 6 டாலர். 2007-ல், வினியார்ஸ்கி அந்தத் தொழிற்சாலையையும் தோட்டத்தையும் சுமார் 18½ கோடி டாலருக்கு விற்றார். அவர் 2024-ல் தம் 95-வது வயதில் காலமானார்.

"பிரெஞ்சு ஒயின் நாள்பட நாள்படத்தான் மெருகேறும். பத்து ஆண்டு போகட்டும், பாருங்கள்" என்று சிலர் சவால் விட்டார்கள். 1986-ல் அதே சிவப்பு ஒயின்களை மறுபடியும் மறைத்து வைத்து ருசி பார்த்தார்கள். முதலில் வந்தது, "குளோ டு வால்" என்ற கலிபோர்னியா ஒயின். முதல் போட்டியில் 8-வது இடம் பெற்றது அது!

2006-ம் ஆண்டு மே 24-ந் தேதி, லண்டனிலும் நாபாவிலும் ஒரே நாளில் போட்டி வைத்தார்கள். அப்போது "ரிட்ஜ்" என்ற கலிபோர்னியா ஒயின் முதல் இடம் பெற்றது. முதல் 5 இடங்களும் கலிபோர்னியாவுக்கே!

நாக்கும் ஏமாறும்

அப்படியானால், மறைத்து வைத்தால் நாக்கு தப்பே செய்யாதா? அதுவும் இல்லை.

கலிபோர்னியாவில் 2005 முதல் நான்கு ஆண்டுகள் ஒரு சோதனை நடந்தது. ஒரே புட்டி ஒயினை, நடுவர்களுக்குத் தெரியாமல் மூன்று முறை கொடுத்தார்கள். மூன்று முறையும் ஏறக்குறைய ஒரே மார்க்குப் போட்டவர்கள், பத்தில் ஒருவர்தான்!

பிரான்சில் நடந்த சோதனை இன்னும் வேடிக்கையானது. ஒயின் தொழில் படிக்கும் 54 மாணவர்களுக்கு, வெள்ளை ஒயினில் சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களால் வர்ணித்தார்கள். 2001-ல் இந்த ஆராய்ச்சி வெளிவந்தது. கண் சொன்னதை, மூக்கும் நம்பி விட்டது!

2008-ல் வெளிவந்த மற்றொரு ஆராய்ச்சியும் உண்டு. ஒரே ஒயினுக்கு இரண்டு விலை சொன்னார்கள். விலை அதிகம் என்று கேட்டபோது, அதுவே அதிக ருசியாக இருந்ததாம்!

நண்பர்கள் கூடும்போது

இப்போது மேல்நாடுகளில், நண்பர்கள் சிலர் வீட்டில் கூடி, இப்படி மறைத்து ருசி பார்ப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு புட்டி சிவப்பு ஒயின் கொண்டு வருவார்கள். எல்லாம் ஒரே வகைத் திராட்சையில் செய்ததாக இருக்கும். புட்டிகளைக் காகிதப் பையில் போட்டுக் கழுத்தைக் கட்டி, 1, 2, 3 என்று எண் போடுவார்கள். பைகளைக் கலைத்து வைக்க, ருசி பார்க்காத ஒருவர் இருப்பார்.

ஒரு கண்டிப்பான விதி உண்டு. எழுதி முடிக்கும் வரை யாரும் வாய் திறக்கக் கூடாது! ஒருவர் "பிரமாதம்" என்று சொல்லிவிட்டால், மற்றவர்களுக்கும் அது பிரமாதமாகவே படும். சில இடங்களில், ஒரே ஒயினை இரண்டு எண்களில் வைத்து நண்பர்களைச் சோதிப்பார்கள். எல்லோரும் எழுதிய பிறகுதான் பையைக் கிழிப்பார்கள். விலை உயர்ந்த புட்டி கடைசியில் நிற்பதும் உண்டு. அப்போது எழும் சிரிப்பில் வீடே அதிரும்!

ஒயினை விட்டுவிடுங்கள். காபித் தூளிலும் தேயிலையிலும் கூட இப்படிச் செய்து பார்க்கலாம். வீட்டில் ஒருவர் மட்டும் டம்ளர்களில் எண் எழுதி, மாற்றி வைத்தால் போதும். "இந்தக் கம்பெனித் தூள்தான் உசத்தி" என்று அடித்துச் சொல்பவர், அதைச் சரியாகக் கண்டுபிடிக்கிறாரா என்று பாருங்கள்!

அன்று பாரிசில் வென்ற இரண்டு ஒயின்களின் புட்டிகளும், இப்போது வாஷிங்டனில் உள்ள அமெரிக்க வரலாற்றுப் பொருட்காட்சிசாலையில் இருக்கின்றன. ருசி பார்த்த அன்று மறைத்து வைத்த பெயர்களை, இன்று எல்லோரும் பார்த்துப் படிக்கிறார்கள்!